வெள்ளை பெயிண்டுக்கு அடியில ஒரு கறுப்பு பிளேட்: பழைய கார் நம்பர் பிளேட் கேள்வி-பதில்

கேள்வி: தாத்தாவோட 1967 ஃபியட் 1100 வீட்டுல நிக்குது சார், நம்பர் எம்-ல ஆரம்பிக்கற பழைய மெட்ராஸ் நம்பர். முன்னாடி பின்னாடி ரெண்டு பிளேட்டும் வெள்ளை, ஆனா ஓரமெல்லாம் துரு, உரிஞ்ச இடத்துல அடியில கறுப்பு தெரியுது. வீட்டுலயே சுரண்டிட்டு பழைய மாதிரி கறுப்புல வெள்ளை எழுத்து எழுதிடலாம்னு இருக்கேன். வயர் பிரஷ், எமரி, ஸ்ப்ரே கேன், ஸ்டென்சில் ஷீட்னு லிஸ்ட் போட்டாச்சு, வேற என்ன வாங்கணும்? (திருச்சி வாசகர்)

பதில்: வாங்கறதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட்ல இருந்து வயர் பிரஷ்ஷை அடிச்சுடுங்க. உங்க பிளேட்டுல அடியில தெரியற கறுப்பு இருக்கே, நீங்க தேடற பழைய பிளேட் அநேகமா அதுதான். 2000-களோட தொடக்கம் வரைக்கும் சொந்த வண்டிக்கு கறுப்புல வெள்ளை எழுத்துதான், அப்புறம்தான் ரூல் மாறி வெள்ளையில கறுப்பு எழுத்துன்னு ஆச்சு. அப்ப எல்லாரும் புது தகடா வாங்கினாங்க? பாதி பேர் இருக்கற தகட்டு மேலயே ஒரு கோட்டு வெள்ளை இழுத்துட்டு கறுப்புல நம்பரை எழுதிக்கிட்டாங்க, அவ்வளவுதான். அதனால 67-ல யாரோ ஒரு போர்டு எழுதற பெயிண்டர் கையால எழுதின நம்பர் இன்னும் அந்த வெள்ளைக்கு அடியில பத்திரமா தூங்கிட்டு இருக்கலாம், நீங்க வயர் பிரஷ் போட்டு ரெண்டு நிமிஷத்துல அதை காலி பண்ணப் போறீங்க. நான் பண்ணியிருக்கேன் சார், அதான் சொல்றேன், எங்க அப்பாவோட 74 அம்பாசடர் பிளேட்டை டிரில்லுல வயர் வீல் மாட்டி பளபளன்னு தகடாக்கிட்டு பெருமையா கொண்டு போய் காமிச்சேன், அவர் ஒண்ணும் சொல்லல, "அந்த ஏழு அழகா இருக்கும்டா"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டார்.

ராத்திரி லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை பிளேட்டுக்கு பக்கவாட்டுல, கிட்டத்தட்ட படுக்க வெச்ச மாதிரி அடிச்சுப் பாருங்க. பிரஷ்ல எழுதின எழுத்து தரையை விட ஒரு முடி அளவு மேடா இருக்கும், மேல பெயிண்ட் போட்டாலும் அந்த மேடு மறையாது, நிழல் விழும். தெரிஞ்சா அப்பவே ஒரு ஸ்கேல் பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்துக்கோங்க, பட்டர் பேப்பர் போட்டு பென்சிலால அந்த எழுத்தோட ஓரத்தை டிரேஸ் பண்ணி வெச்சுக்கோங்க. இந்த பட்டர் பேப்பர்தான் உங்க ஸ்டென்சில், கடையில வாங்கற ஷீட் எழுத்து எல்லாம் கம்ப்யூட்டர் எழுத்து, 67 ஃபியட்ல மாட்டினா பொருந்தாது.

அப்புறம் வெள்ளையை இறக்கறது. சோப்பு தண்ணி விட்டு 800 நம்பர் வாட்டர் பேப்பர்ல, ஒரு மூலையில, கை நோகாம தேய்ங்க. அடியில இருக்கற பழைய எனாமல் பல வருஷம் காஞ்சு கல்லாட்டம் இருக்கும், மேல இருக்கற வெள்ளை கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், அந்த வித்தியாசம்தான் உங்களுக்கு உதவி. கறுப்பு எட்டிப் பார்த்ததும் நிறுத்திட்டு அடுத்த இடம். ஒரு பிளேட்டுக்கு ரெண்டு மூணு சாயங்காலம் ஆகும், ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சுல முடிச்சுடலாம்னு உக்காராதீங்க. முக்கியமா எதையும் உலர்ந்த நிலையில தேய்க்காதீங்க, அந்தக் காலத்து எனாமல்ல ஈயம் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. நம்ம நாட்டுல வீட்டு பெயிண்டுக்கு ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல கூடாதுன்னு சட்டம் அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். தண்ணி விட்டுத் தேய்ச்சா தூசி பறக்காது, அந்த சேத்தை துணியில வழிச்சு கவர்ல கட்டிப் போடுங்க, குழந்தைங்க விளையாடற இடத்துல வேண்டவே வேண்டாம்.

எழுத்து முக்கால்வாசி வந்துடுச்சுன்னா அத்தோட விட்டுடுங்க, துரு இருக்கற ஓரத்துக்கு மட்டும் ரஸ்ட் கன்வெர்ட்டர், அது பாஸ்பாரிக் ஆசிட் சமாச்சாரம், தடவினா துரு கறுப்பா மாறி நின்னுடும், கறுப்பு பிளேட்டுக்கு அதுவே டச்சப் மாதிரி. மேல கார் வேக்ஸ் ஒரு கை. அங்கங்க உரிஞ்சிருக்கும், கீறல் இருக்கும், இருக்கட்டும், அதான் அதோட வயசு.

டார்ச் அடிச்சும் ஒண்ணும் தெரியல, யாரோ முன்னாடியே சுரண்டிட்டுதான் வெள்ளை அடிச்சிருக்காங்கன்னா அப்ப தாராளமா முழுசா இறக்கலாம். இரும்பு தகடா இருந்தா வெள்ளை வினிகர்ல ஒரு ராத்திரி முக்கி வெச்சா துரு கழண்டு வரும், சோடா உப்பு கரைச்ச தண்ணில அலசி உடனே துடைச்சு வெயில்ல காயவைங்க, அரை மணி நேரம் ஈரமா விட்டா திரும்ப மஞ்சள் பூத்துடும். அப்புறம் ரெட் ஆக்சைடு பிரைமர் மெலிசா ரெண்டு கோட்டு, 400-ல தண்ணி பேப்பர், கறுப்பு சிந்தெடிக் எனாமல் ரெண்டு கோட்டு. இங்கதான் பாதி பேர் கோட்டை விடறாங்க: எனாமலுக்கு டர்பன்டைன், டூகோவுக்கு (சீக்கிரம் காயற லேக்கர் பெயிண்ட்) என்.சி. தின்னர், ரெண்டையும் கலக்கக்கூடாது. எனாமல் மேல டூகோவோ தெரியாத ஸ்ப்ரே கேனோ அடிச்சா கண்ணு முன்னாடியே தோசைக்கல்லுல பால் ஆடை மாதிரி சுருங்கி எழும்பிடும், மொத்தமும் திரும்ப முதல்ல இருந்து. ஐப்பசி கார்த்திகை மழையில டூகோ அடிச்சா வெள்ளை பூக்கும், அதனால மாசி பங்குனி வரைக்கும் பொறுங்க, கார் எங்கயும் ஓடிப் போகப் போறதில்ல.

கறுப்பு ஒரு வாரம் காயணும். டிரேஸ் பண்ண பழைய எழுத்து இல்லாததால பட்டர் பேப்பர்ல நம்பரை நீங்களே வரைஞ்சுக்கோங்க, அதுக்குப் பின்னாடி சாக்பீஸ் தூள் தேய்ச்சு, தகட்டு மேல வெச்சு பென்சிலால மேல ஓட்டினா எழுத்து வெள்ளைக் கோடா இறங்கிடும். நேர் கோட்டுக்கு மாஸ்கிங் டேப், வளைவுக்கு நீளமுடி பிரஷ், கை ஆடாம இருக்க ஒரு குச்சியை அண்டக் குடுத்து அது மேல மணிக்கட்டை வெச்சுக்கோங்க, போர்டு எழுதறவங்க எல்லாம் அப்படித்தான் எழுதுவாங்க. டேப்பை பெயிண்ட் முழுசா காயறதுக்குள்ள உரிச்சுடணும், காஞ்சப்புறம் உரிச்சா ஓரம் பல்லு பல்லா வரும். இதெல்லாம் வராதுன்னு தோணினா உங்க ஊர்ல போர்டு எழுதற பெரியவர் யாராவது ஒருத்தர் இன்னும் இருப்பார், அவர்கிட்ட டிரேசிங்கை குடுத்து எழுதி வாங்கிக்கோங்க. நான்னா அதைத்தான் பண்ணுவேன். ஃப்ளெக்ஸ் வந்தப்புறம் அவங்களுக்கு வேலையே இல்ல, சந்தோஷமா எழுதிக் குடுப்பாங்க.

கடைசியா ஒண்ணு. இந்தக் கறுப்பு பிளேட்டை மாட்டிக்கிட்டு பஜாருக்குப் போயிடாதீங்க. இப்ப இருக்கற ரூல்படி சொந்த வண்டிக்கு வெள்ளையில கறுப்புதான், கார்னா எழுத்து உயரம் 65 மில்லி, தடிமன் 10, இடைவெளி 10, இங்கிலீஷ் எழுத்து. ஓட்டறதுக்கு ஒரு செட், ஷோவுக்கு ஒரு செட்னு வெச்சுக்கறதுதான் நிம்மதி. உங்க வண்டி 50 வருஷம் தாண்டினது, ஒரிஜினல் உருவத்துல இருந்தா 2021-ல வந்த வின்டேஜ் ரூல்ல ரெஜிஸ்டர் பண்ணலாம், முதல் தடவை வின்டேஜா பதிய ஃபீஸ் 20,000 ரூபா, பத்து வருஷத்துக்குச் செல்லும், ஏற்கனவே ரெஜிஸ்டர் ஆன வண்டிங்கறதால தாத்தா நம்பரும் போகாது. ஆனா அப்படி பண்ணிட்டா தினசரி ஓட்ட முடியாது, ராலி, கண்காட்சி, பெட்ரோல், மெக்கானிக் மாதிரி காரணத்துக்கு மட்டும்தான், யோசிச்சுக்கோங்க.

கேள்வி: பழைய பெயிண்ட் சீக்கிரமா கழல காஸ்டிக் சோடா கரைச்சு அதுல பிளேட்டைப் போடச் சொல்றான் ஃப்ரெண்டு. செய்யலாமா? (சேலம்)

பதில்: முதல்ல ஒரு காந்தம் வெச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா அலுமினியம், அதை காஸ்டிக்ல போட்டா பெயிண்டோட சேர்த்து தகடும் கரையும், நுரைச்சு நுரைச்சு ஹைட்ரஜன் வேற வரும், காலையில வந்து பார்த்தா அரிச்சுப்போன தகரம்தான் மிஞ்சும். ஒட்டினா இரும்பு, இரும்பை காஸ்டிக் ஒண்ணும் பண்ணாது ஆனா உங்க கண்ணையும் கையையும் பண்ணும். அலுமினியத்துக்கு சோப்பு தண்ணியும் பொறுமையும் போதும், திரும்ப அடிக்கும்போது ரெட் ஆக்சைடு வேண்டாம், அது அலுமினியத்துல சரியா பிடிக்காது, எட்ச் பிரைமர்னு கேட்டு வாங்குங்க.

கேள்வி: ஆன்லைன்ல "1965 ஒரிஜினல் நம்பர் பிளேட், ரெஸ்டோர் பண்ணது"ன்னு ஒண்ணு பார்த்தேன் அண்ணா, நல்ல விலை சொல்றான். என்கிட்ட இருக்கற ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு மாட்டினா செமையா இருக்கும்னு ஆசை. வாங்கலாமா? (கோவை)

பதில்: செவுத்துல மாட்ட வாங்கலாம் தம்பி, வண்டியில மாட்ட வாங்காதீங்க. நம்பர்ங்கறது ஆர்.சி.-ல இருக்கறது, தகடு வெறும் தகடு. வேற வண்டி நம்பரை உங்க வண்டியில மாட்டினா ஸ்டைல் இல்ல, கேஸ். அந்த நம்பர் யாரோட ஆர்.சி.-லயாவது இன்னும் உயிரோட இருந்தா இன்னும் சிக்கல்.

சரி செவுத்துக்குன்னே வெச்சுக்குவோம். போட்டோவுல இருக்கற நம்பரைப் பாருங்க. டி.என்.-னு ஆரம்பிச்சு ரெண்டு இலக்க ஆபீஸ் எண் இருந்தா அது 1965 இல்ல, அந்த முறையே 1989 ஜூலைக்கு அப்புறம்தான், அதுக்கு முன்னாடி மூணு எழுத்தும் அதிகபட்சம் நாலு இலக்கமும். 65-ல நம்ம மாநிலத்துக்கு தமிழ்நாடுன்னு பேரே மாறல, அது 1969 ஜனவரி. இதைக்கூட பார்க்காம விக்கறவங்க இருக்காங்க, வாங்கறவங்களும் இருக்காங்க. அப்புறம் பின்பக்கம் போட்டோ கேளுங்க. நிஜமாவே வண்டியில இருந்த தகடுன்னா போல்ட் ஓட்டையைச் சுத்தி வாஷர் உக்காந்த வட்டம் இருக்கும், பின்னாடி சேறும் துருவும் ஒரே மாதிரி இல்லாம திட்டுத்திட்டா இருக்கும். ஆசிட் ஊத்தி வயசாக்கின தகடு முழுக்க ஒரே ஆரஞ்சா இருக்கும், விரலால தேய்ச்சா பவுடரா ஒட்டும். நம்பர்ல ஒரே எண் ரெண்டு தடவை வந்தா ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, கையால எழுதினா ரெண்டு மூணும் ஒண்ணா இருக்காது, அச்சா ஒரே மாதிரின்னா ஸ்டிக்கரோ ஸ்டென்சிலோ. "ரெஸ்டோர் பண்ணது"ங்கற வார்த்தைக்காக ஜாஸ்தி காசு குடுக்காதீங்க, என்னைக் கேட்டா அதுக்கு விலையைக் குறைக்கணும். துருவோட இருக்கற தகடு என்னன்னு தெரியும், புது பெயிண்டுக்கு அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? சென்னை புதுப்பேட்டைப் பழைய பார்ட்ஸ் கடைப் பக்கம் ஒரு நாள் காலார நடந்தா சும்மா கிடக்கற தகடே கண்ணுல படும். நம்பர் எழுத்தெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு பார்க்கணும்னா உங்க ஊர்லயே அவிநாசி ரோட்டுல ஜி.டி. கார் மியூசியம் இருக்கே, போயிட்டு வாங்க.

கேள்வி: அப்பா ஜீப்போட பிளேட்டை ரெஸ்டோர் பண்ணித் தரேன்னு இணையத்துல விளம்பரம் போட்டவர்கிட்ட கூரியர்ல அனுப்பினேன். "கையால எழுதித் தரேன்"னுதான் பேச்சு. வந்தது வினைல் ஸ்டிக்கர் ஒட்டின தகடு, பழைய எழுத்து மொத்தமும் போச்சு. காசு திருப்பித் தரமாட்டேங்கறார். (மதுரை வாசகி)

பதில்: கஷ்டமா இருக்கும்மா, எழுத்து திரும்ப வராது, காசுக்கு வழி இருக்கு. கையால எழுதறதா சொன்ன சாட், விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், பணம் போன ரசீது, அனுப்பறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ, இப்ப வந்ததோட போட்டோ எல்லாம் ஒரே இடத்துல சேர்த்து வெச்சுட்டு, பதினஞ்சு நாள் டைம் குடுத்து எழுத்துல கேளுங்க, போன்ல சண்டை போட வேண்டாம். அசையலைன்னா 1915-க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணுங்க. அதுலயும் நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019 சட்டப்படி அவர் எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க மதுரையிலயே போடலாம், குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கோர்ட் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். மத்தவங்களுக்கு: கூரியர்ல அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ எடுக்காம எதையும் அனுப்பாதீங்க.

கேள்வி: புது காரோட ஹெச்.எஸ்.ஆர்.பி. (ஹை செக்யூரிட்டி) பிளேட்டுல கறுப்பு எழுத்து தேய்ஞ்சு வெளுத்துப்போச்சு, மார்க்கர் போட்டு நிரப்பலாமா? (சென்னை)

பதில்: கை வைக்காதீங்க. அது ஹோலோகிராம், லேசர் நம்பர் எல்லாம் இருக்கற தகடு, அழிஞ்சா மாத்தணும், வரையக்கூடாது. டீலர்கிட்ட போய் மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க.

கேள்வி: எங்கட அப்பப்பா 1957 இல புதுசா வாங்கின மொரிஸ் மைனர் ஒண்டு கராஜில நிக்குது. அதின்ர பழைய நம்பர் பிளேட்டில சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்த இடத்தில தார் பூசின மாதிரி கறுப்பா ஒரு திட்டு, அதுக்கு மேல வெள்ளையில மங்கலா ஏதோ கீறி இருக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சா போகும் எண்டு மெக்கானிக் அண்ணை சொல்றார். துடைச்சுப்போட்டு வடிவா எழுதுவிக்கலாமோ? (யாழ்ப்பாணம்)

பதில்: ஐயோ, துடைக்காதீங்க. மண்ணெண்ணெய், டர்பன்டைன், பெட்ரோல் எதுவுமே வேண்டாம், தார் இருந்தா ஒரே துடைப்புல கரைஞ்சு போயிடும், மெக்கானிக் சொல்றது சரிதான், அதுதான் பயமே.

1957 ஜனவரியில இருந்துதான் உங்க நாட்டுல புது வண்டிக்கு இங்கிலீஷ் எழுத்துக்குப் பதிலா சிங்கள ஸ்ரீ வந்துச்சு, உங்க அப்பப்பா வண்டி அந்த முதல் வருஷத்தது. அதை எதிர்த்து தமிழரசுக் கட்சிக்காரங்க தமிழ் ஸ்ரீ எழுதி வண்டி ஓட்டினாங்க, 1958-ல சிங்கள ஸ்ரீ போட்ட போக்குவரத்துச் சபை பஸ் வடக்குக்கு வந்தப்ப அந்த எழுத்து மேல தார் பூசினாங்க, பதிலுக்கு தெற்குல தமிழ் எழுத்து போர்டு மேல தார் விழுந்துச்சு. உங்க பிளேட்டுல இருக்கறது அந்த நாளோட தாரா, இல்ல ரோடு போடறப்ப தெறிச்சதான்னு போட்டோவும் பார்க்காம நான் சொல்ல முடியாது, ஆனா சரியா எழுத்து இருந்த இடத்துல மட்டும், மேல வெள்ளையில கீறலோட இருக்குன்னா எனக்கென்னவோ தெறிச்சதா தோணல. திருச்சி வாசகருக்குச் சொன்ன மாதிரி ராத்திரியில பக்கவாட்டு டார்ச் அடிச்சு அந்த வெள்ளைக் கீறல் தமிழ் ஸ்ரீயான்னு பாருங்க, அப்படியே போட்டோ எடுங்க. வீட்டுல மூத்தவங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட காட்டிக் கேட்டு, சொல்றதை ஃபோன்ல பதிஞ்சு வெச்சுக்கோங்க.

தூசியை மட்டும் காஞ்ச மெத்துன்னு இருக்கற பிரஷ்ல தட்டி விடுங்க, வேக்ஸ்கூட வேண்டாம், அதுலயும் கரைப்பான் இருக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியில சுத்தி வெயில் படாத, சூடு ஏறாத இடத்துல படுக்க வெச்சு வைங்க, பிளாஸ்டிக் கவர்ல போட்டா உள்ள வேர்த்து துரு ஏறும், நிமிர்த்தி வெச்சா வெக்கையில தார் இறங்கும். வண்டிக்கு வடிவா ஒரு பிளேட் வேணும்னா புதுத் தகட்டுல எழுதுவிச்சுக்கோங்க.