ஹங்கேரிக்காரருக்கு மேன்முறையீடு கிடையாதா?

கேள்வி: ஸ்காபரோவில் சிறிய உணவகம் நடத்துகிறேன். என் சமையலறையில் வேலை செய்யும் பெண்மணி ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் நகரைச் சேர்ந்தவர்; ஐரோப்பாவில் ஒதுக்கப்படும் சிறுபான்மையினரான ரோமா இனத்தவர். கணவர், எட்டு வயது மகனுடன் கனடா வந்து அகதிக் கோரிக்கை வைத்தார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டுவிட்டது. எழுத்து மூலமான முடிவு கையில் கிடைத்து 9 நாள் ஆகிறது. ஹங்கேரி பாதுகாப்பான நாடு என்று பட்டியலில் இருப்பதால் அங்கிருந்து வந்தவர்கள் மேன்முறையீடு செய்ய முடியாது என்று அவருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர் சொல்லிவிட்டாராம். பொலிஸில் இரண்டு தடவை முறையிட்டும் பலனில்லை என்று அழுகிறார். அவருடைய சட்டத்தரணியை விசாரணை நாளன்றுதான் முதலில் பார்த்தாராம். அவருடைய தங்கை புடாபெஸ்டிலிருந்து வந்து துணைக்கு இருக்க விரும்புகிறார். ஏதாவது வழி உண்டா?
– ஒரு வாசகர், ரொறன்ரோ

பதில்: வழி உண்டு. ஆனால் இன்னும் 6 நாள்தான் இருக்கிறது, ஆகவே மற்றதைப் பிறகு பேசலாம்.

எழுத்து மூலமான முடிவு கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவில் மேன்முறையீட்டு அறிவித்தலைத் தாக்கல் செய்ய வேண்டும். வாதங்களும் ஆவணங்களும் அடங்கிய முழுக் கோப்புக்கு, அதே நாளிலிருந்து 45 நாள். அறிவித்தல் ஓரிரு பக்கப் படிவம்தான். அதை நாளைக்கே போட்டுவிடலாம். உரிய காலத்தில் போட்டால், முடிவு வரும்வரை நாடுகடத்தல் உத்தரவு செயலுக்கு வராது. நாள் தவறினால் கால நீடிப்புக் கேட்கலாம்தான். ஆனால் தவறியதற்குக் காரணம் காட்டி, அதை நிரூபித்து, கெஞ்ச வேண்டியிருக்கும்.

அதற்கு முன் முடிவின் கடைசிப் பக்கங்களை யாராவது ஆங்கிலம் தெரிந்தவர் நிதானமாக வாசிக்க வேண்டும். "நம்பத்தகுந்த அடிப்படையே இல்லை" என்றோ, "வெளிப்படையாகவே ஆதாரமற்றது" என்றோ அதில் எழுதியிருந்தால், மேன்முறையீட்டுப் பிரிவின் கதவு மூடப்பட்டுவிட்டது என்று பொருள். அப்போது நேரே சமஷ்டி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கும் 15 நாள்தான், அந்த மனு நாடுகடத்தலைத் தானாக நிறுத்தாது. தடையுத்தரவைத் தனியாகக் கேட்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், நம்பகத்தன்மையைவிட "ஹங்கேரி அரசு பாதுகாப்புத் தரும்" என்ற காரணத்தில்தான் நிராகரித்திருப்பதாகத் தோன்றுகிறது. அப்படியானால் மேன்முறையீடு திறந்தே இருக்கிறது.

இனி அந்த மொழிபெயர்ப்பாளர் சொன்ன பட்டியல். அவர் முழுப் பொய் சொல்லவில்லை. பழைய சட்டத்தைச் சொல்லியிருக்கிறார். 2012-இல் நிறைவேறிய குடிவரவுத் திருத்தச் சட்டத்தில் இரண்டு பொறிகள் இருந்தன. ஒன்று, கூட்டமாகக் கப்பலில் வருவோரைத் தடுத்து வைப்பதற்கானது. 2010-இல் 492 தமிழர்களுடன் வந்து சேர்ந்த சன் சீ கப்பல் நம்மவர்களுக்கு மறந்திருக்காது. மற்றது, "குறித்துரைக்கப்பட்ட நாடுகள்" பட்டியல். ஹங்கேரியிலிருந்து வந்த ரோமா கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் கண்டு அரசு எரிச்சலுற்றிருந்த காலம் அது. முதல் பட்டியலிலேயே 27 நாடுகளுள் ஹங்கேரியும் சேர்க்கப்பட்டது. அந்நாட்டவருக்கு விசாரணை அவசர அவசரமாக நடக்கும், மேன்முறையீடு கிடையாது. நிராகரிக்கப்பட்டால், திரும்பிப் போனால் ஆபத்து உண்டா என்று பார்க்கும் நாடுகடத்தலுக்கு முந்தைய ஆபத்து மதிப்பீட்டுக்கு மற்றவர்கள் 12 மாதம் காத்திருக்க, இவர்கள் 36 மாதம் காத்திருக்க வேண்டும்.

பிறந்த நாட்டை வைத்து மேன்முறையீட்டை மறுப்பது சமத்துவ உரிமைக்கு முரண் என்று 2015-இல் சமஷ்டி நீதிமன்றம் சொன்னது. 36 மாதத் தடையை 2019 மார்ச்சில், ஹங்கேரிய ரோமாக்கள் தொடுத்த வழக்கில், அதே நீதிமன்றம் செல்லாதாக்கியது. 2019 மே 17 அன்று எல்லா நாடுகளையும் பட்டியலிலிருந்து அரசு நீக்கிவிட்டது. அதன் பின்னும் பிரிவுகள் சட்டப் புத்தகத்தில் இருந்தன, பட்டியல் மட்டும் வெறுமையாகிவிட்டது. ஆகவே உங்கள் பணியாளருக்கு மற்ற எல்லாருக்கும் உள்ள அதே உரிமை உண்டு.

பட்டியல் போனாலும் அதன் வாசனை போகவில்லை. "ஐரோப்பிய ஒன்றிய நாடு, ஜனநாயகம், பொலிஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது" என்ற எண்ணம் தீர்ப்பு எழுதும் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சட்டமும் அதற்கு இடம் தருகிறது: ஒரு நாடு தன் குடிமக்களைக் காப்பாற்றும் என்பதே தொடக்க அனுமானம், அதைத் தெளிவான ஆதாரத்தால் உடைக்க வேண்டியவர் கோரிக்கையாளர் என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் வார்ட் வழக்கில் வகுத்தது. உங்கள் பணியாளரின் வழக்கு வெல்வதும் தோற்பதும் இந்த இடத்தில்தான். அரசு முயற்சி செய்கிறது, திட்டங்கள் அறிவித்திருக்கிறது என்பதெல்லாம் போதாது; அந்தப் பாதுகாப்பு நடைமுறையில் பலன் தருகிறதா என்றே பார்க்க வேண்டும் என்று சமஷ்டி நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

ஆகையால் ரோமாக்கள் நூற்றாண்டுகளாகப் பட்ட துன்பத்தைப் பக்கம் பக்கமாக எழுதுவதில் பயனில்லை. மேன்முறையீட்டைத் தீர்மானிக்கும் சபை உறுப்பினருக்கு அது தெரியும். அது தன் முன்னால் உள்ள பெண்ணுக்கு எப்படிப் பொருந்துகிறது என்றுதான் அவர் கேட்பார். அவருடைய ஊரைப் பற்றிப் பேசுங்கள். 2014-இல் மிஷ்கோல்ட்ஸ் நகரசபை, வாடகைக் குடியிருப்பைக் காலி செய்வோருக்கு இழப்பீடு தருவதாகவும், அந்தப் பணத்தில் நகருக்கு வெளியேதான் வீடு வாங்க வேண்டும் என்றும் விதி கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் "எண்ணிட்ட தெருக்கள்" என்ற பகுதியின் ரோமாக்கள். 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அந்த விதியை ரத்துச் செய்தது. அதற்குப் பிறகும் குடியிருப்புகளைக் காலி செய்விப்பது தொடர்ந்தது. நீதிமன்றம் இருக்கிறது என்பதற்கும் அதனால் வீடு மிஞ்சியது என்பதற்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அவருடைய குடும்பம் அந்தத் தெருக்களில் இருந்ததா, காலி செய்யும்படி கடிதம் வந்ததா என்று கேளுங்கள்.

பொலிஸ் விஷயத்துக்கு, ஹங்கேரியின் டெவெச்சேர் என்ற ஊர் பற்றிய தீர்ப்பை வைக்கலாம். 2012 ஆகஸ்டில் அந்த ஊரில் தீவிர வலதுசாரிகள் ஊர்வலம் போனார்கள். ரோமா வீடுகள்மேல் கல் விழுந்தது. பொலிஸார் அங்கேயே இருந்தும் கூட்டத்தைக் கலைக்கவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017-இல் ஹங்கேரியைக் குற்றம் கண்டது. மகனைத் தனி வகுப்பில் உட்கார வைத்திருந்தார்களா என்றும் விசாரியுங்கள். வீடு, பள்ளி, அடி, பொலிஸ் எனத் தனித்தனியாகப் பார்த்தால் "பாகுபாடுதான், துன்புறுத்தல் அல்ல" என்று தள்ளிவிடுவார்கள். எல்லாவற்றின் கூட்டு விளைவையும் சேர்த்து எடைபோடும்படி மேன்முறையீட்டில் வற்புறுத்த வேண்டும். முதல் முடிவு அப்படிப் பார்க்கவில்லை என்றால் அதுவே நல்ல காரணம்.

இரண்டு முறையீடுகளின் பொலிஸ் பிரதி இருக்கிறதா? ஊரில் தாயிடம் இருக்கிறது என்றால் இன்றே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு சிக்கல் உண்டு: மேன்முறையீட்டில் புதிய ஆதாரம் எளிதாக ஏறாது. நிராகரிப்புக்குப் பின் உண்டானதாக இருக்க வேண்டும். அல்லது முன்னமே கொடுத்திருக்க முடியாத நிலை இருந்திருக்க வேண்டும்.

அங்கேதான் சட்டத்தரணியின் கதை வருகிறது. விசாரணை நாளன்று முதன்முதலாகச் சந்தித்தவர், மொழிபெயர்ப்பாளர் எழுதிய வாக்குமூலத்தைத் திருத்தாமல் கொடுத்தவர், ஆதாரம் கேட்காதவர் என்றால், திறமையற்ற பிரதிநிதித்துவமே மேன்முறையீட்டுக் காரணமாகலாம். இது ஒன்றும் புதிதல்ல. ரோமா வழக்குகளை அலட்சியமாகக் கையாண்டதற்காக ஒன்ராறியோ சட்டச் சங்கம் சில சட்டத்தரணிகள்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருக்கிறது. ஆனால் குற்றச்சாட்டை முன்னாள் சட்டத்தரணிக்கு முதலில் அறிவித்து, பதிலளிக்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஆகவே கோபத்தில் எதையும் எழுதி அனுப்பிவிடாதீர்கள். புதிய சட்டத்தரணி எழுதட்டும். வருமானம் குறைவு என்றால், சட்ட உதவி நிறுவனமான லீகல் எய்ட் ஒன்ராறியோவுக்கு நாளைக் காலையே அழைக்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரையும் மாற்றுங்கள்.

மனிதாபிமான அடிப்படையில் நிரந்தர வதிவிடம் கேட்டு விண்ணப்பம் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். நிராகரிப்புக்குப் பின் பொதுவாக 12 மாதம் அதற்குத் தடை. பிள்ளையின் நலன் போன்ற விலக்குகள் உண்டு, ஆனால் விண்ணப்பம் நாடுகடத்தலை நிறுத்தாது. இப்போது கவனத்தை அங்கே சிதறவிட வேண்டாம்.

தங்கை வருவது பற்றி: ஹங்கேரியருக்கு விசா தேவையில்லை, மின்னணுப் பயண அனுமதி போதும். ஆனால் புடாபெஸ்ட் விமான நிலையத்திலேயே ரோமாக்களைத் தடுத்துத் திருப்பிய சம்பவங்கள் உண்டு. கனடாவில் அகதியாக ஏற்கப்பட்ட உறவினரைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு ரோமாத் தம்பதியின் அனுமதியை இப்படி ரத்துச் செய்ததை 2023-இல் சமஷ்டி நீதிமன்றம் செல்லாதாக்கியது. பிரித்தானியாவும் 2001-இல் பிராக் விமான நிலையத்தில் இதைச் செய்து, 2004-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் இனப்பாகுபாடு என்று தீர்ப்பு வாங்கிக்கொண்டது. அதே 2001-இல் குடிவரவு அதிகாரிகள் கூடுதலாகச் சோதிக்கலாம் என்று பிரித்தானிய அமைச்சர் அனுமதித்த இனங்களின் பட்டியலில் ரோமாக்களும் இருந்தார்கள், தமிழரும் இருந்தார்கள். தங்கையிடம் உண்மையான காரணத்தையே சொல்லச் சொல்லுங்கள். அக்கா இங்கே இருப்பதை மறைத்தால் பொய்க் கூற்று என்று ஐந்தாண்டுத் தடை விழும். மேன்முறையீடு முடியும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது என்பது என் கருத்து.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நல்லவர், உழைப்பாளி என்று நற்சான்றுக் கடிதம் எழுத நினைப்பீர்கள்; மேன்முறையீட்டுக்கு அதனால் பயனில்லை. அதற்குப் பதில், புதிய சட்டத்தரணியைச் சந்திக்க இந்த வாரமே சம்பளத்துடன் விடுப்புக் கொடுங்கள். முடிவுக் கடிதத்துடன், அது வந்த உறையையும், அல்லது அது வந்த மின்னஞ்சலையும், கொண்டு போகச் சொல்லுங்கள். 15 நாள் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதை அதை வைத்துத்தான் உறுதிசெய்ய முடியும்.