ஆளுயரம் வளர்ந்தும் பூக்காத ரோஜா

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒட்டு ரோஜா வாங்கித் தோட்டத்தில் நட்டேன். வாங்கும்போதே பெரிய சிவப்புப் பூ இருந்தது. முதல் ஆண்டு நன்றாகப் பூத்தது. இப்போது ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது, ஒரு மொட்டுகூட இல்லை. இரண்டு முறை கவாத்து செய்தேன். மொட்டு வைக்கும் என்று சொல்லிக் கடையில் கொடுத்த டானிக்கை மூன்று மாதமாகத் தெளிக்கிறேன். இன்னும் என்ன உரம் போடலாம்?

பதில்: எந்த உரமும் வேண்டாம். டானிக்கை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய ரோஜா வேறு, இப்போது ஆளுயரம் நிற்கும் ரோஜா வேறு. உங்கள் கடிதத்தைப் படித்தவரை அப்படித்தான் தெரிகிறது. செடியின் அடியில் மண்ணை விலக்கிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

ஒட்டு ரோஜாவில் இரண்டு செடிகள் இருக்கின்றன. வேர், வேகமாக வளரும் ஒரு காட்டு ரோஜாவுடையது. அதன் தண்டில் பட்டையைக் கீறி, நல்ல பூப் பூக்கும் ரோஜாவின் ஒரே ஒரு கண்ணை, அதாவது கிளையாக முளைக்கக்கூடிய மொட்டை, உள்ளே செருகிக் கட்டுகிறார்கள். கண் பிடித்து முளைத்ததும் அதற்கு மேலே உள்ள காட்டுத் தண்டை வெட்டி எறிந்துவிடுவார்கள். ஒட்டுப் போட்ட இடம் நாளடைவில் ஒரு குமிழ் போலப் புடைத்துக்கொள்ளும். குமிழுக்கு மேலிருந்து கிளம்புவதெல்லாம் உங்கள் சிவப்பு ரோஜா. குமிழுக்குக் கீழிருந்தோ வேரிலிருந்தோ கிளம்புவது காட்டுப் போத்து. போத்துக்கு வேகம் அதிகம். விட்டுவைத்தால் வேர் உறிஞ்சும் தண்ணீரையும் சத்தையும் அதுவே இழுத்துக்கொள்ளும், மேலே இருக்கும் நல்ல கிளை மெலிந்து காய்ந்துபோகும்.

போத்து ஏன் பூக்கவில்லை என்று கேட்பீர்கள். வேருக்குப் பயன்படும் காட்டு ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு பருவம்தான் பூக்கும், அதுவும் முந்தைய ஆண்டு வளர்ந்த கிளையில். நீங்கள் கவாத்து என்று வெட்டிப் போட்டது அந்தக் கிளையைத்தான். வெட்டாமல் விட்டிருந்தால் வகையைப் பொறுத்து, சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் கொத்தாகவோ, ஐந்தே இதழ் கொண்ட வெளிர் ரோஸ் பூவோ வந்திருக்கும். சிவப்பு ரோஜா வெள்ளையாக மாறிவிட்டது, மண் சரியில்லை, தண்ணீர் சரியில்லை என்று பலர் எழுதுகிறார்கள். அங்கே நிறம் மாறவில்லை, செடிதான் மாறிவிட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'ஏழு இலை இருந்தால் காடு, ஐந்து இலை இருந்தால் நல்லது' என்று, ஒரே காம்பில் சேர்ந்திருக்கும் சிற்றிலைகளை எண்ணி எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பிக் கத்தியை எடுக்காதீர்கள். கொடி ரோஜாக்களிலும் கொத்தாகப் பூக்கும் ரகங்களிலும் ஏழு சிற்றிலை சர்வ சாதாரணம். நல்ல ரோஜாவின் கொழுத்த புதுக் கிளையிலும் ஏழு வரும். மாறாக, 'டாக்டர் ஹூயி' என்ற ரோஜாவை அமெரிக்காவில் வேருக்காகவே ஏராளமாக வளர்த்தார்கள். அதில் ஐந்து சிற்றிலைகள் சாதாரணமாக இருக்கும், பூவும் அடர் சிவப்பு. உங்களைப் போலச் சிவப்பு ரோஜா வைத்திருப்பவரை அது ஏமாற்றவே பிறந்தது போல இருக்கும். கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்பது மட்டும்தான் கணக்கு.

சரி, செய்ய வேண்டியது இதுதான். முந்தின நாள் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கிக்கொள்ளுங்கள். தடித்த கையுறை போட்டு, அடித்தண்டைச் சுற்றி ஒரு சாண் ஆழம் வரை மண்ணைக் கையால் மெல்ல விலக்குங்கள். மண்வெட்டி வேண்டாம். வேரில் காயம் பட்டால் அந்த இடத்திலிருந்தே புதுப் போத்து கிளம்பும். குமிழைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒவ்வொரு கிளையையும் அது பிறக்கும் இடம்வரை தொடர்ந்து பாருங்கள். குமிழுக்குக் கீழே பிறந்தது இளசாக இருந்தால் அடியோடு பிடித்துக் கீழ்நோக்கிக் கிழித்து எடுங்கள். தரைமட்டத்தில் வெட்டக் கூடாது. போத்தின் அடியில் உறங்கும் கண்கள் இருக்கின்றன, வெட்டினால் ஒன்று போன இடத்தில் மூன்று முளைக்கும். உங்களுடையது விரல் பருமனுக்கு மேல் முற்றியிருக்கும், கிழித்தால் வேரின் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். கூரான கத்தியால் அது பிறந்த இடத்தில் சிறிதளவு பட்டையோடு சேர்த்துச் செதுக்கி எடுத்துவிடுங்கள். அப்புறம் மண்ணை மூடித் தண்ணீர் விடுங்கள்.

குமிழுக்கு மேலே மிச்சம் இருக்கும் கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் பிழைத்துவிடும். காய்ந்த நுனியை மட்டும் வெட்டிவிட்டுக் காத்திருங்கள். புதுத் துளிர் வந்து பூவாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம், நொந்துபோன செடிக்கு இன்னும் கூடுதலாக ஆகும். கீறினால் எல்லாமே பழுப்பு என்றால் அந்தச் சிவப்பு ரோஜா திரும்ப வராது. எந்த பாட்டிலும் அதைத் திருப்பித் தராது.

பாட்டில் என்றதும் சொல்லத்தான் வேண்டும். பூக்கவில்லை என்று ஒருவர் வந்தால், எத்தனை கடைகளில் 'கிளை எங்கிருந்து வருகிறது' என்று ஒரு கேள்வி கேட்கிறார்கள்? கை நேராக அலமாரிக்குப் போகிறது. அந்த டானிக்குகளில் தழைச்சத்து தூக்கலாக இருந்தால் இலையும் தண்டும்தான் கொழுக்கும். நீங்கள் மூன்று மாதம் ஊட்டி வளர்த்தது காட்டுப் போத்தை.

வாங்கும் இடத்திலும் இதே கதை. ஒருவர் நான்கு ஆண்டு வளர்த்த ரோஜாவைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார். மேல்மண்ணை விரலால் விலக்கினேன். இரண்டு அங்குலம் கீழே குமிழ் இருந்தது, அதைச் சுற்றி ஒட்டுக்குக் கட்டிய பிளாஸ்டிக் நாடா அப்படியே இருந்தது. தண்டு பருக்கப் பருக்க நாடா பட்டைக்குள் புதைந்து, இறுக்கிக் கயிறு கட்டிய விரல் போல இரு பக்கமும் வீங்கியிருந்தது. மேலே இரண்டு கிளைகள் பென்சில் பருமனில் கறுத்துக் கிடந்தன, கீழே மூன்று போத்துகள் பச்சைப்பசேலென்று நின்றன. அந்த நாடாவை விற்பதற்கு முன்பே யாராவது அவிழ்த்திருக்க வேண்டும்.

செடியோடு வரும் சீட்டில் பூவின் பெயர் இருக்கும், நிறம் இருக்கும், படம் இருக்கும். வேர் எந்த ரோஜாவுடையது என்று ஒரு வரி இருக்காது. செடியில் பாதி அதுதானே? கேட்டால் விற்பவருக்குத் தெரியாது, அவர் மொத்தமாக இறக்கியது. இறக்கிக் கொடுத்தவரும் இன்னொருவரிடம் வாங்கியது. இத்தனைக்கும் காட்டுக் குச்சியை நடும்போதே மண்ணுக்குள் போகும் பகுதியில் உள்ள கண்களைக் கத்தி முனையால் தோண்டி எடுத்துவிட்டால், பின்னால் போத்து கிளம்புவது வெகுவாகக் குறையும். ஒரு குச்சிக்கு அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை யாரோ மிச்சம் பிடித்ததற்காக உங்கள் இரண்டு ஆண்டு போயிருக்கிறது. எனக்கு இதை நினைத்தால் ஆறவே ஆறாது.

அடுத்த முறை பூவைப் பார்த்து வாங்காதீர்கள். அடியில் மண்ணைக் குவித்து மூடியிருந்தால் விலக்கிக் காட்டச் சொல்லுங்கள். குமிழ் தெரிய வேண்டும், நாடா இருக்கக் கூடாது, குமிழுக்கு மேலே குறைந்தது இரண்டு தெம்பான கிளைகளாவது இருக்க வேண்டும். விலக்கிக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ரோஜாவின் அடியைக் கிழிக்கக் கிளம்பிவிடக் கூடாது. குச்சி நட்டு வேர்விட்ட ரோஜாவும் இருக்கிறது. அதற்கு ஒட்டும் இல்லை, குமிழும் இல்லை. வேரும் பூவும் ஒரே செடி. மண்ணுக்கடியிலிருந்து புதிதாக ஒரு கிளை கிளம்பினால் அது போத்து அல்ல, அந்தச் செடியின் அடுத்த தலைமுறை. பழைய கிளை கிழடு தட்டும்போது பூப்பது அதில்தான். தொட்டியில் வரும் குட்டி ரோஜாக்கள் பெரும்பாலும் இந்த வகை. நண்பர் கொடுத்த குச்சியை நட்டு நீங்களே வளர்த்ததும் இந்த வகைதான். குமிழைத் தேடும்போது அவசரப்படாதீர்கள். பழைய செடியில் பல முறை வெட்டிய அடித்தண்டும் முண்டும் முடிச்சுமாக இருக்கும். ஒட்டுக் குமிழுக்கு மேலேயும் கீழேயும் பட்டையின் நிறமும் முள்ளின் வடிவமும் நெருக்கமும் மாறியிருக்கும். வெட்டிய முண்டில் அந்த வித்தியாசம் இருக்காது, மேலும் கீழும் ஒரே முள். உங்களுடையது ஒட்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கடைக்காரர் வாயால் சொன்னதுதானா, கண்ணால் பார்த்ததா தெரியவில்லை. தோண்டிப் பார்த்துக் குமிழ் இல்லை என்றால் எதையும் தொடாமல் மண்ணை மூடிவிடுங்கள். அப்போது கோளாறு பெரும்பாலும் நிழலாக இருக்கும். ரோஜாவுக்கு ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். செடிமேல் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எத்தனை மணிக்கு விலகுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துக் குறித்து அனுப்புங்கள்.