கிரியேட்டினின் ஏறினால் மாத்திரையை நிறுத்தணுமா? மருந்து ஆய்வில் சேரலாமா?

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது, 14 வருடமாகச் சுகர். போன வருடம் கிட்னி பாதிப்பு என்றார்கள். லோசார்ட்டான் (பிபி மாத்திரை), மெட்ஃபார்மின் (சுகர் மாத்திரை) சாப்பிடுகிறார். ஆறு வாரம் முன்பு புதுச்சேரியில், சுகருக்கும் கிட்னிக்கும் என்று டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையைச் சேர்த்தார்கள். கிரியேட்டினின் 1.7-ஆக இருந்தது 1.9 ஆகிவிட்டது. அதே மருத்துவமனையில், புது கிட்னி மருந்து ஒன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு ஒரு கத்தைப் படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். "எலிக்குப் போடுறதை உங்கப்பாவுக்குப் போடப்போறாங்க" என்கிறார் சித்தப்பா. மாத்திரையை நிறுத்தணுமா? ஆய்வில் சேர்க்கலாமா?

பதில்: முதலில் மாத்திரை. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கிரியேட்டினின் என்பது கிட்னி வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு; வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் அது ஏறும். 1.7 என்பது 1.9 ஆனால் 12 சதவீத ஏற்றம். அப்பாவின் வயதுக்கு இதை வடிகட்டும் திறனாகக் கணக்கிட்டால் (ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று இருக்கும்) ஏறத்தாழ 45-லிருந்து 40-க்கு வந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின் தொடங்கியவர்களிடம் நாங்கள் எதிர்பார்க்கிற இறக்கம்தான் இது. காரணமும் தெரிந்ததே. சுகர் நோயாளியின் கிட்னியில் ஒவ்வொரு வடிகட்டிக்குள்ளும் ரத்த அழுத்தம் கூடி, அது சக்திக்கு மீறி ஓடும். அப்படி ஓடும்வரை கிரியேட்டினின் நல்லபடியாகவே காட்டும். உள்ளுக்குள் வடிகட்டி தழும்பேறிக்கொண்டே போகும். லோசார்ட்டான் வடிகட்டியிலிருந்து வெளியேறும் ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது, டாபாகிளிஃப்ளோசின் உள்ளே வரும் குழாயைச் சற்றுச் சுருக்குகிறது. அழுத்தம் இறங்குகிறது, வடிகட்டும் வேகமும் கொஞ்சம் குறைகிறது. அந்தக் குறைவுதான் 1.9 என்று உங்கள் ரிப்போர்ட்டில் தெரிகிறது.

2020-இல் வெளியான டாபா-சிகேடி என்ற ஆய்வில் 4,304 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு டாபாகிளிஃப்ளோசின், மீதிப் பேருக்குப் பார்க்க அதேபோல இருக்கும் வெற்று மாத்திரை. முதல் இரண்டு வாரத்தில் மருந்து எடுத்தவர்களின் வடிகட்டும் திறன் சராசரியாக 4 புள்ளி இறங்கியது. வெற்று மாத்திரைக்காரர்களுக்கு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. அங்கேயே நிறுத்திக் கணக்குப் பார்த்திருந்தால் மருந்து தோற்றதாகத்தான் எழுதியிருப்பார்கள். அதற்குப் பிறகு கதை மாறியது. மருந்துக்காரர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1.7 புள்ளி இறக்கம், மற்றவர்களுக்கு 3.6. திறன் பாதியாகக் குறைவது, கிட்னி முற்றிலும் செயலிழப்பது, கிட்னி அல்லது இதயக் காரணத்தால் இறப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டரை வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் வெற்று மாத்திரைக்காரர்களில் 14.5 சதவீதம் பேருக்கும், மருந்துக்காரர்களில் 9.2 சதவீதம் பேருக்கும் இவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்தது. நூற்றுக்கு ஐந்து பேர் தப்பினார்கள். மருந்துக் கடையில் "கிட்னியை மீட்டுத்தரும் மாத்திரை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போனது வராது, போகிற வேகம் குறையும், அவ்வளவுதான். இந்தியாவில் இதன் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்து பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதால், நெல்லிக்குப்பம் கடையிலும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. பார்டோக்ஸலோன் என்று ஒரு மருந்து. கொடுத்தால் கிரியேட்டினின் இறங்கும், வடிகட்டும் திறன் ஏறும். எல்லாரும் கொண்டாடினார்கள். சுகரால் கிட்னி மிகவும் கெட்டிருந்த 2,185 பேரிடம் பெரிய ஆய்வு நடந்தது. மருந்து எடுத்த 96 பேர் இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் அந்த எண்ணிக்கை 55. ஆய்வைக் கண்காணிக்கும் தனிக் குழுவின் பரிந்துரைப்படி 2012 அக்டோபரில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரியேட்டினினைக் குறைத்த மருந்து கெடுதல் செய்தது, கொஞ்சம் ஏற்றிய மருந்து காத்தது. அதனால்தான் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து மாத்திரையைத் தூக்கிப்போடாதீர்கள் என்கிறேன்.

எங்கே பயப்பட வேண்டும்? 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால். அப்பாவுக்கு அது 2.2. அதைத் தாண்டினால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறதா, வேறு மாத்திரை ஏதும் உள்ளே போகிறதா என்று தேட வேண்டும். அந்த வேறு மாத்திரை பெரும்பாலும் வலி மாத்திரையாகத்தான் இருக்கும். கரும்பு வெட்டிய முதுகு வலிக்கு மெடிக்கலில் காகிதப் பொட்டலத்தில் கொடுக்கிற செட் மாத்திரை இருக்கிறதே, மூன்று கலரில், பெயரே இல்லாமல்? அதில் ஒன்று டைக்ளோஃபெனாக் அல்லது அசெக்ளோஃபெனாக்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. லோசார்ட்டானுடன் அது சேர்வது கிட்னிக்கு ஆகாது. கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் எடுத்தால் ஆபத்து இன்னும் கூடும். "வலி மாத்திரை போடுறீங்களா" என்று கேட்டால் அப்பா இல்லை என்றுதான் சொல்வார். சட்டைப் பையைப் பாருங்கள். இன்னொன்று: உள்ளூர் டாக்டர் பிபிக்கு டெல்மிசார்ட்டான் எழுதி, புதுச்சேரியில் லோசார்ட்டான் எழுதி, இரண்டையும் விழுங்குகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒரே வகை. ஒன்றுதான் இருக்க வேண்டும்.

திறன் 45-க்குக் கீழ் வந்துவிட்டதால் மெட்ஃபார்மின் அளவையும் டாக்டரிடம் கேளுங்கள். பொதுவாகப் பாதியாகக் குறைப்போம், 30-க்குக் கீழ் போனால் நிறுத்திவிடுவோம்.

உங்கள் கடிதத்தில் ஒரு எண் இல்லை: யூரினில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்பது. காலை யூரினில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் என்று கேட்டால் லேபில் பார்ப்பார்கள். ஆய்வில் சேரத் தகுதி உண்டா, எந்த மருந்தால் எவ்வளவு பலன் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த எண்ணைப் பொறுத்தது. டாபா-சிகேடியில் அது 200-க்கு மேல் இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள்.

நம் பகுதிக்கு இது ரொம்ப முக்கியம். சுகரும் இல்லாமல், நெடுநாள் பிபியும் இல்லாமல், அல்புமினும் அதிகம் போகாமல் கிட்னி சுருங்கிப்போன விவசாயக் கூலிகளை வட தமிழகத்திலும் புதுச்சேரியிலும் பார்க்கிறோம். ஜிப்மர் மருத்துவர்கள் 2020-இல் இதைத் தொண்டைமண்டல நெஃப்ரோபதி (கிட்னி நோய்) என்று பெயரிட்டு எழுதினார்கள். உங்கள் பக்கத்து வயல்காரருக்கு அந்த வகை என்றால், மேலே சொன்ன நூற்றுக்கு ஐந்து கணக்கை அப்படியே அவருக்குப் பொருத்த முடியாது. அப்பாவுக்குக் கொடுத்த சீட்டை அவருக்குக் காட்டி "இதையே வாங்கிச் சாப்பிடு" என்று சொல்லிவிடாதீர்கள்.

இனி ஆய்வு. சித்தப்பாவின் பயத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். பார்டோக்ஸலோன் கதையில் அந்த 96 பேரும் யாரோ ஒருவரின் அப்பா அம்மாதான். ஆனால் மனிதர்களிடம் வரும் முன்பே எலி, விலங்கு ஆய்வெல்லாம் முடிந்திருக்கும். படிவத்தில் எத்தனையாவது கட்டம் என்று பாருங்கள். மூன்றாம் கட்டம் என்றால் அதற்கு முன்பே சில நூறு பேர் அந்த மருந்தை எடுத்து, அளவும் முக்கியப் பக்கவிளைவுகளும் ஓரளவு தெரிந்திருக்கும்.

"வெற்று மாத்திரை வந்தால் அப்பாவை வைத்தியம் இல்லாமல் விட்டுவிடுவார்களா?" இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஒழுங்கான கிட்னி ஆய்வில் அப்படி நடக்காது. வழக்கமான மருந்து எல்லாருக்கும் தொடரும்; அதற்கு மேல்தான் புது மருந்தோ வெற்று மாத்திரையோ சேரும். டாபா-சிகேடியிலும் 97 சதவீதம் பேர் லோசார்ட்டான் போன்ற மருந்தில் இருந்தபடியேதான் கலந்துகொண்டார்கள். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இப்போ சாப்பிடுற எந்த மாத்திரையையாவது நிறுத்தச் சொல்வீங்களா?" லோசார்ட்டானையோ டாபாகிளிஃப்ளோசினையோ நிறுத்தச் சொன்னால், ஏன், எத்தனை நாளைக்கு என்று தெளிவாகச் சொல்லும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். என் அப்பாவாக இருந்தால் அந்த ஆய்வில் சேர்க்க யோசிப்பேன். எதையும் நிறுத்தாமல், இருக்கிற வைத்தியத்துக்கு மேல் ஒன்று சேர்ப்பதாக இருந்தால், அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் கவனிப்பும் கிடைக்கும் என்பதால் சேரலாம் என்பேன்.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழில்தான் தர வேண்டும். (அந்தத் தமிழ் சில நேரம் ஆங்கிலத்தைவிடக் கடினமாக இருக்கும், புரியாத வரியில் பென்சிலால் கோடு போட்டுப்போய்க் கேளுங்கள், சொல்லித்தருவது அவர்கள் கடமை.) 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் சொல்வது இது: ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஆய்வு நடத்தக்கூடாது, ஆய்வின்போது பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தர வேண்டும், ஆய்வால்தான் என்று உறுதியானால் இழப்பீடும் தர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்கு ஒரு எண் இருக்கும். 2009 ஜூன் முதல் அது கட்டாயம். எண் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்துபோகும் பஸ் செலவு, இழக்கும் கூலி யார் தருவார்கள் என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அழைத்தால் எடுக்கும் போன் நம்பர் எது என்று கேட்டு அதைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

புது மருந்து பொட்டாசியத்தை ஏற்றக்கூடியதா என்பதையும் கேட்க வேண்டும். லோசார்ட்டானே கொஞ்சம் ஏற்றும். பண்ருட்டிப் பலா சீசனில் ஒரு உட்காரலில் பத்து சுளை தின்று, மேலே இரண்டு இளநீர் குடிப்பவர் அப்பா என்றால், ஆய்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொட்டாசியம் பார்த்தாக வேண்டும். இரண்டு வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், யூரின் அல்புமின் மூன்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

அதுவரை: வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் டாபாகிளிஃப்ளோசின், மெட்ஃபார்மின், லோசார்ட்டான் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், சாப்பாடும் தண்ணீரும் பழையபடி உள்ளே போனபின் அவர் சொல்லும் நாளில் திரும்பத் தொடங்குங்கள். நாள் முழுக்க விரதம் இருப்பதாக இருந்தாலும், ஆபரேஷன் ஏதும் வந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவருக்கு வயிற்று வலியோடு வாந்தியும் மூச்சு வாங்கலும் வந்தால், குளுக்கோமீட்டரில் சுகர் சாதாரணமாகக் காட்டினாலும் நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறியிருக்கலாம், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை அங்கே முதலில் சொல்லுங்கள்.