ஆற்றுப் படகை அடியிலிருந்து பாருங்கள்

கேள்வி: மரப் படகு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போனோம். எல்லாப் படகும் ஒன்றுபோலவே தெரிந்தன. மறுபடி போனால் எதைப் பார்ப்பது?

பதில்: எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். இரண்டே படகைக் குந்தி உட்கார்ந்து பாருங்கள், முதலில் அடியை. கடலோடும் படகுகள் பலவற்றுக்கு ஏரா, அதாவது அடியில் நீளவாட்டில் ஓடும் முதுகெலும்பு மரம், கீழே துருத்தி நிற்கும். ஆற்றில் அது மணல்திட்டில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆற்றுப் படகுகளில் பெரும்பாலானவை தட்டை அடியோடு இருக்கின்றன. முழங்கால் ஆழத்திலும் மிதக்கும், தரைதட்டினாலும் சாயாது. அணியத்தின், அதாவது முன்முனையின், அடி மேல்நோக்கிச் சரிந்திருந்தால், துறை இல்லாத கரையிலும் மூக்கை ஏற்றி நிறுத்திச் சரக்கு இறக்கலாம்.

அடுத்து விளிம்பைப் பாருங்கள். துடுப்போ கழியோ ஓயாமல் உரசிய இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். ஆள் நின்ற இடம் எது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் கோணத்தில் பலகையைப் பார்த்தால் செதில் செதிலாக வாய்ச்சி (மரம் செதுக்கும் கருவி) பட்ட தழும்பு தெரியும். வரிவரியாக இருந்தால் அது ரம்பம் அறுத்தது. தொட வேண்டாம். கைவியர்வையும் எண்ணெயும் மரத்தில் ஊறிக் கறுக்கும்.

கேள்வி: பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தது. இதை ஏன் அடைக்காமல் விட்டிருக்கிறார்கள்?

பதில்: அடைக்காததுதான் சரி. மரம் காயும்போது நீளவாட்டில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை, அகலவாட்டில்தான் சுருங்கும். அதனால் நீளமான பலகைகளின் மூட்டுகள் வாய் பிளக்கின்றன. தண்ணீரில் கிடக்கும்வரை மரம் ஊறி உப்பி, கலப்பத்து அடித்த பஞ்சை, அதாவது ஒழுகாதிருக்க மூட்டுகளில் திணித்த பஞ்சை, இறுக்கிப் பிடித்திருக்கும். வெகுநாள் கரையில் கிடந்த படகு, தண்ணீரில் இறக்கியதும் முதலில் ஒழுகி, ஊறிய பின் அடைபடுவதும் இதனால்தான். காட்சிக்கூடத்தில் அந்த இடைவெளியைக் கெட்டியான பூச்சால் நிரப்பினால், ஈரக்காற்றுக் காலத்தில் உப்பும் பலகைக்குப் போக இடமிருக்காது. ஆணியைப் பிடுங்கும், இல்லையென்றால் தானே வெடிக்கும்.

கேள்வி: ஆணியே இல்லாமல் தைத்த பழைய ஆற்றுப் படகு எங்காவது முழுதாக இருக்கிறதா?

பதில்: எகிப்தில் இருக்கிறது. மன்னர் கூஃபுவின் படகு 1954-இல் கீசாவின் பெரிய பிரமிடுக்குப் பக்கத்துக் குழியில், பிரித்து அடுக்கிய 1,224 துண்டுகளாகக் கிடைத்தது. தேவதாரு மரம், கோத்த பின் நீளம் 43 மீட்டருக்கு மேல். 2021-இல் மாபெரும் எகிப்திய அருங்காட்சியக வளாகத்துக்கு மாற்றினார்கள். உள்பக்கம் தெரியும் இடத்தில் நின்று பாருங்கள். கயிறு நுழையும் துளைகள் பலகையின் கனத்துக்குள்ளேயே வளைந்து மறுபடி உள்பக்கமே வருகின்றன, வெளிப்புறத்தை எட்டுவதில்லை. அதனால் அடி மணலில் உரசினாலும் தையல் அறாது. நனைந்தால் மரம் உப்பும், நார்க்கயிறு குறுகும். இரண்டும் சேர்ந்து மூட்டை இறுக்கும்.