காலையில் எடுத்த ஜிஹெச் அளவு 0.3 என்றால் குறைபாடுதானா?

வணக்கம்ங்க. 8 வயதுப் பையனுக்குக் காலையில் எடுத்த ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் (ஜிஹெச்) 0.3 என்று வந்ததையும், "உங்க வீட்டு ரத்தம்" என்று மாமியார் குத்திக்காட்டுவதையும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்த 0.3-ஐ ஓரமாக வையுங்கள். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை நாள் முழுக்க ஒரே சீராக விடுவதில்லை; விட்டுவிட்டுத்தான் விடும், அதிலும் பெரிய அலை இரவில் ஆழ்ந்து தூங்கும்போது. இடைப்பட்ட நேரத்தில் நன்றாக வளரும் பிள்ளைக்கும் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்டும். வளர்ச்சி ஹார்மோன் தூண்டி உடலில் உருவாகும் ஐஜிஎஃப்-1 அளவும், எலும்பின் வயதைப் பார்க்க இடது கை எக்ஸ்ரேயும் கேளுங்கள். அதைவிட முக்கியம், போன வருடம் எத்தனை செ.மீ. வளர்ந்தான் என்பது. இந்த வயதில் 5, 6 இருந்தால் நல்லது.

தேவைப்பட்டால் தூண்டல் பரிசோதனை சொல்வார்கள்; மருந்து கொடுத்து ஹார்மோன் எவ்வளவு சுரக்கிறது என்று பார்ப்பது. என் மகளுக்கு எடுத்தோம். வெறும் வயிற்றில் குளோனிடின் மாத்திரை, கையில் ஊசிக்குழாய், அரை மணிக்கொரு முறை ரத்தம். மாத்திரையிலேயே சொக்கிப்போய் என் மடியில் தூங்கிவிட்டாள். முடிந்ததும் சாப்பிட பிஸ்கட் மறக்காமல் கொண்டுபோங்கள்.

மாமியாருக்கு: பெரும்பாலான குறைபாடுகளில் மரபணுப் பிழை எதுவும் அகப்படுவதில்லை. இந்த ஹார்மோனுக்கான ஜிஹெச்1 மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணு முழுதாக விடுபட்டுப்போகும் வகையில், பிழை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வர வேண்டும். அந்தக் குழந்தைகள் கைக்குழந்தையிலேயே மிகக் குட்டையாகத் தெரிவார்கள். இன்னொரு வகைக்கு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும், அது யார் பக்கமிருந்தும் வரலாம். சொந்தத்தில் கல்யாணம் என்றால் மட்டும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.