நாய் நக்கி ஆறாத புண்: கேள்வி பதில்

கேள்வி: ஆறு வயது லேப்ரடார். முன்காலில் ஒரே இடத்தை மாதக்கணக்கில் நக்குகிறது. முடி போய், தோல் தடித்து, நடுவில் கசிகிறது. களிம்பு கேட்கவில்லை.

பதில்: இது லிக் கிரானுலோமா. வெளியே தெரிவது பாதிதான். சொரசொர நாக்கு மயிர்க்கால்களை உடைத்து முடியைத் தோலுக்குள்ளேயே தள்ளிவிடும். உள்ளே சீழ் கட்டும், அது அரிக்கும், நாய் மறுபடி நக்கும். களிம்பு அந்த ஆழத்துக்கு இறங்காது. போட்ட அடுத்த நிமிடம் நாயின் வயிற்றுக்குத்தான் போகும். மேலாகத் துடைத்தெடுத்தது போதாது, உள்ளிருந்து சிறு துண்டு திசு எடுத்து கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். கூடவே அந்த மூட்டுக்கு எக்ஸ்ரே. வலிக்கிற இடத்தையும் நாய் நக்கும். ‘போரடிக்கிறது, அதனால் நக்குகிறது’ என்பதைக் கடைசியாக யோசிக்கலாம். ஆன்டிபயாடிக் ஆறு, எட்டு வாரம்கூட ஓடும். மேல்தோல் மூடியதுமே நிறுத்தினால் புண் திரும்பும். அதுவரை கோன், அதாவது நக்கவிடாமல் கழுத்தில் மாட்டும் புனல். மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று செ.மீ. நீண்டிருக்க வேண்டும்; கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

கேள்வி: நேற்று ஒன்றுமில்லை. இன்று காதுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரப்புண்!

பதில்: ஹாட் ஸ்பாட். சுற்றிலும் நல்ல தோல் தெரியும்வரை டிரிம்மரால் முடியை எடுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், வீங்கிய தோலும் சேர்ந்து வெட்டுப்படும். சோப்பு கலக்காத 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி 25 மில்லியில் தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டராக்கி, தினம் இருமுறை துடைத்து, ஒற்றி உலர்த்துங்கள். காதுக்குள்ளும் பாருங்கள், பல நேரம் மூலம் அங்கேதான். கோன் மறக்காதீர்கள்.

கேள்வி: வாலடியைக் கடிக்கிறது. பூச்சி ஒன்றும் கண்ணில் படவில்லை.

பதில்: நெருக்கப் பல் சீப்பால் வாரி, ஈரமான வெள்ளைத் தாளில் உதறுங்கள். கறுப்புத் துகள் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடியே போதும். வீட்டிலுள்ள எல்லா விலங்குக்கும் மூன்று மாதமாவது மருந்து தேவை, கூட்டுப்புழு அவ்வளவு காலம் பதுங்கியிருக்கும். பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கூடவே கூடாது.

கேள்வி: நாம் பூசும் துத்தநாகக் களிம்பு போடலாமா?

பதில்: கூடாது. நக்கி விழுங்கினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்.

கேள்வி: கோன் கொடுமை. நாயின் எச்சிலே மருந்துதானே? காட்டு நாய்க்கு யார் கோன் மாட்டினார்கள்?

பதில்: யாரும் மாட்டவில்லை. புண் ஆறாமல் செத்ததை யாரும் எண்ணவும் இல்லை.

கேள்வி: மழுப்பாதீர்கள். எச்சிலில் கிருமியைக் கொல்லும் பொருள் உண்டா, இல்லையா?

பதில்: உண்டு, லைசோசைம் ஒன்று. புதுக் காயத்து மண்ணை நாலு தடவை நக்கி எடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. நானூறு தடவை நக்கினால் தோல் ஊறிப்போகும், தையல் பிரியும், வாயிலுள்ள கிருமியும் புண்ணுக்குள் இறங்கும்.

கேள்வி: அப்போ கோனுக்குப் பதில் சாக்ஸ்?

பதில்: நனைந்த துணிக்குள் புண் வேகும். விழுங்கினால் குடல் அடைக்கும்.

கேள்வி: பாதத்து முடி செம்பழுப்பாகிவிட்டது.

பதில்: எச்சிலில் உள்ள போர்பிரின் ஏற்றிய நிறம். நாலு பாதமும் என்றால் ஒவ்வாமையைத் தேடுங்கள். இதுவரை தின்னாத ஒரே புரதம், எட்டு வாரம். இடையில் ஒரு பிஸ்கட்கூடக் கிடையாது. அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுங்கள். அரிப்பு திரும்பினால்தான் உணவு காரணம் என்று உறுதி.

கேள்வி: புண் காய்ந்துவிட்டது. கோனைக் கழற்றலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.