லேமினேட் தரையை நாமே போட்டுக்கொள்ளலாமா? சுவரோரத்தை எப்படி முடிப்பது?

தாராளமாகப் போடலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிப் படுக்கையறை, பழைய டைல்ஸ் தரை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சனி, ஞாயிறில் முடிகிற வேலை. சென்னையில் எங்கள் அறைகளுக்கு நானும் என் மைத்துனரும்தான் போட்டோம். பிறகு அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கைகொடுத்தோம். நடுத்தரை யாருக்கும் எளிதில் வந்துவிடும், பலகைகள் தாமே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். தரை கெடுவதெல்லாம் ஓரத்தில்தான். அதனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்தப் பலகையின் உள்ளே இருப்பது மரநாரை நெருக்கி அழுத்திச் செய்த அட்டை. மேலே மரக்கோடு அச்சிட்ட காகிதம், அதற்கும் மேலே மெலமைன் பூச்சு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும். ஏசி ஓடும் அறையில் காய்ந்து சுருங்கும். அதனால்தான் இதைத் தரையோடு ஒட்டாமல், ஆணி அடிக்காமல் மிதக்க விடுகிறோம். நான்கு சுவரோரத்திலும் 10 மி.மீ. இடைவெளி கட்டாயம்.

எதிர் வீட்டில் போட வந்தவர், இடைவெளி கண்ணுக்கு உறுத்துகிறதென்று வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போய்விட்டார். மழைக்காலம் வந்ததும் கட்டிலருகே தரை எழும்பிக்கொண்டது. மிதித்தால் ‘டொக்’ என்று இறங்கும். உளியால் சிமென்டைச் சுரண்டி எடுத்தோம். பலகையின் விளிம்பு நசுங்கிப் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. அடைப்பு போனதும் சில நாளில் தரை தானே படிந்தது.

முன்வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரம் படுக்கவையுங்கள். இரண்டு மீட்டர் நீள மட்டப்பலகை வைத்துப் பார்த்து, 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் நிரவுங்கள். டைல்ஸ் மேல் பாலித்தீன் விரிப்பு, அதன்மேல் 2 மி.மீ. ஃபோம். சன்னல் வெளிச்சம் விழும் திசையிலேயே பலகையின் நீளம் ஓடட்டும். அடுத்தடுத்த வரிசைகளின் குறுக்கு இணைப்புகள் ஓரடியாவது தள்ளி வரட்டும்.

முதல் பலகையை வைக்கும் முன்பே கடைசி வரிசையைக் கணக்கிட வேண்டும். அறை அகலம் 2,960 மி.மீ. என்று வையுங்கள். இரு ஓர இடைவெளி போக 2,940. பலகை அகலம் 195 என்றால் 15 வரிசை 2,925 எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 15 மி.மீ. சீவல். அது பலகைகள் கவ்வும் பள்ளத்தில் (காடியில்) நிற்காது. அதற்குப் பதில் முழுப் பலகை 14 வரிசை, முதலிலும் கடைசியிலும் 105 மி.மீ. அகலத்துக்கு அறுத்தது ஒவ்வொன்று என்று பிரித்துக்கொண்டால் இரு பக்கமும் ஒத்துப்போகும். ஜிக்சா என்ற மின்ரம்பத்தில் அறுக்கும்போது பலகையைக் கவிழ்த்துப் போடுங்கள், கைரம்பத்தில் மல்லாக்கப் போடுங்கள். பல் எந்தப் பக்கம் வெளியேறுகிறதோ அந்தப் பக்கம்தான் சிதறும்.

இனி ஓரம். நம் வீடுகளில் சுவரடியில் நான்கு அங்குல டைல்ஸ் பட்டை, அதாவது ஸ்கர்ட்டிங், ஏற்கெனவே இருக்கும். அதைப் பெயர்த்தால் பூச்சும் சேர்ந்து விழும். விட்டுவிடுவதே நல்லது என்பேன். அதன் அடியில் கால்வட்ட பீடிங், அதாவது இடைவெளியை மூடும் மெல்லிய பட்டை, வையுங்கள். 10 மி.மீ. இடைவெளிக்குப் பீடிங்கின் அடிப்பக்கம் 15 முதல் 18 மி.மீ. இருக்கட்டும், தரை சுருங்கும்போதும் மூடியிருக்கும். பசையை ஸ்கர்ட்டிங்கில் படும் முகத்தில் மட்டும் தடவுங்கள். ஒட்டும்போது பீடிங்குக்கும் தரைக்கும் நடுவே ஒரு நாளிதழ்த் தாளைச் செருகி வைத்து, பசை காய்ந்ததும் உருவிவிடுங்கள். தாள் தடையின்றி வந்தால் தரை சுதந்திரமாக இருக்கிறது என்று நம்பலாம். மூலையில் இரண்டு துண்டையும் 45 பாகையில் அறுப்போம். ஆனால் நம் சுவர்கள் சரியான மூலைமட்டத்தில் இருப்பது அபூர்வம். வெட்டுத் துண்டுகளை வைத்து முதலில் பொருத்திப் பாருங்கள்.

வாசல் நிலை மரமென்றால் நிலையைச் சுற்றிப் பலகையை வளைத்து வளைத்து வெட்டாதீர்கள், எவ்வளவு கவனமாக வெட்டினாலும் சந்து தெரியும். ஃபோம் மேல் ஒரு துண்டுப் பலகையை வைத்து, அதன்மேல் ரம்பத்தைப் படுக்கவைத்து நிலையின் அடியை அறுத்துவிடுங்கள். பலகை உள்ளே நுழைந்துகொள்ளும். அதே உயரத்துக்குக் கதவின் அடியையும் இழைக்க வேண்டிவரும். ஹாலின் டைல்ஸ் தாழ்வாக இருக்குமாதலால், அங்கே இரு தரையும் சமமாக உள்ள இடத்துக்கான டி வடிவப் பட்டையை வாங்காமல், சரிவான பட்டையை வாங்குங்கள். அதன் திருகு, ஓர இடைவெளி வழியாகக் கீழ்த்தரையில் இறங்க வேண்டும். லேமினேட் பலகையைத் துளைக்கக் கூடாது.

குளியலறை வாசலில் நிலை பெரும்பாலும் கிரானைட்; அறுக்க முடியாது. அங்கே மட்டும் இடைவெளியில் ஃபோம் கயிற்றை அழுத்திவிட்டு, அதன்மேல் சிலிக்கான் இழுங்கள். சிலிக்கான் வளைந்து கொடுக்கும், தண்ணீரையும் உள்ளே விடாது.

வாளித் தண்ணீர் ஊற்றித் துடைக்கும் பழக்கத்தை இந்த அறைக்கு விட்டுவிட வேண்டும். பிழிந்த துணி போதும். நீங்கள் இருப்பது தரைத்தளம், கரையான் தொல்லையும் உண்டு என்றால், லேமினேட்டே வேண்டாம். கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்.பி.சி. பலகை கிடைக்கிறது. அதையும் இதே போலக் கவ்வவைத்துத்தான் போடுவார்கள். ஓர இடைவெளி அதற்கும் உண்டு.